ஏழு அம்பத்திரெண்டு, லேடீஸ் பெட்டி

காதுல மாட்டியிருக்கறதைக் கொஞ்சம் கழட்டும்மா. எங்க இறங்கணும் நீ? பார்க் ஸ்டேஷனா? சரி, இன்னும் அரை மணிக்கு மேல இருக்கு. பாட்டை சாயங்காலம் கேட்டுக்கலாம். ஊருக்குப் புதுசு போல இருக்கே? சீசன் டிக்கெட் எடுத்தாச்சா? இன்னும் இல்லையா? நாளைக்கே எடுத்துடு. தினம் கவுன்டர்ல நின்னா வண்டி உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது.

என் பேரு மங்கையர்க்கரசி. கவர்மென்ட் ஆபீஸ்ல சூப்பரின்டெண்டென்ட். அது ஆபீஸ்ல. இங்க, இந்த ஏழு அம்பத்திரெண்டு லேடீஸ் பெட்டியில எனக்கு என்ன பதவின்னு கேட்டா, யாரும் குடுக்கல, நானா எடுத்துக்கிட்டேன். இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. வேப்பந்தாங்கல்ல ஏறுவேன். நாங்க மொத்தம் பதினாலு பேரு. பூ கட்டறவ கட்டுவா, கீரை ஆயறவ ஆய்வா. பின்னால ஏறுறவங்களுக்குக் கைக்குட்டை போட்டு இடம் புடிச்சு வைப்போம். சில பேரு சண்டைக்கு வருவாங்க, 'இது பொதுச் சொத்து, நீங்க எப்படி இடம் போடலாம்'னு. அட, பொதுச் சொத்துங்கறதாலதானேம்மா போடறோம்? சொந்தச் சொத்துன்னா எதுக்குக் கைக்குட்டை?

இங்க முக்கியமானது ஆயுத பூஜை. நீ பார்த்ததில்லையா? அன்னிக்கு லீவு, அதனால முந்தின வேலை நாள்ல பண்ணிடுவோம். வாசல் ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு, ஜன்னல் ஜன்னலா மாலை, கலர் பேப்பர். பொரி, கடலை, சுண்டல். சுண்டல் எப்பவும் தெரசா பண்ணுவா, பள்ளிக்கூடத்து லேப்ல வேலை பார்க்கறா, அளவு தப்பவே தப்பாது. பலூன் பல்கீஸ் பொறுப்பு. அவளுக்கு வாய்தான் மூலதனம், பத்து நிமிஷத்துல அம்பது பலூன் ஊதிடுவா. முன்னால போயி டிரைவருக்கும் சந்தனம் குங்குமம் குடுத்துட்டு வருவோம். எனக்கு தீபாவளி, பொங்கல் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். வீட்டுக்காரர் போயிட்டாரு, பொண்ணு கோயமுத்தூர்ல இருக்கா. வீட்டுல நான் ஒருத்தி. ஒருத்திக்கு என்னன்னு பண்டிகை கொண்டாடறது, சொல்லு. எனக்குப் பண்டிகைன்னா இந்தப் பெட்டிதான். அதை எடுத்துட்டா நான் வெறும் ஆபீசுக்குப் போற பொம்பளை.

அதுக்குத்தான் போன ஆடி மாசம் ஆபத்து வந்துது.

வேப்பந்தாங்கல் ரயில்வே போலீசுக்குப் புதுசா ஒரு இன்ஸ்பெக்டர் வந்தா. வான்மதி. சின்ன வயசு, இஸ்திரி போட்ட மூஞ்சி. ஒரு நாள் காலையில எங்க பெட்டியிலயே ஏறிட்டா. "இந்த லைன்ல வண்டியெல்லாம் ரொம்ப சேதமாகுது. சீட்டைக் கிழிக்கறாங்க, சுவத்துல கீறுறாங்க, கைப்பிடி, அலுமினியப் பட்டைன்னு கழட்டிக்கிட்டுப் போயிடறாங்க. நீங்க தினம் வர்றவங்க, கண்ணுல பட்டா சொல்லுங்க"ன்னா. நான் எழுந்து நின்னு, "மேடம், இதை முன்னாடியே சொல்லியிருந்தா இந்நேரம் புடிச்சுக் குடுத்திருப்பேன்"னேன். அதோட விட்டிருக்கலாம். "உங்க பூஜைக்கு வேற இந்த வருஷம் பர்மிஷன் யோசிக்கணும்மா"ன்னுட்டா. ஏன் மேடம்னு கேட்டேன். "போன வருஷம் பூஜைக்கு அப்புறம் இந்தப் பெட்டியில பதினோரு ஆணி, ரெண்டு பந்து சணல் கயிறு, ஃபேன் உள்ள பொரி. பூஜைக்கு முன்னாடி இந்த லேடீஸ் பெட்டியில சேதம் குறைஞ்சிருந்தா பர்மிஷன். இல்லைன்னா இல்ல"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா.

ஆணியாம்! ஆணி அடிக்காம மாலை என்ன அந்தரத்துலயா தொங்கும்? எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும், ஆனா எங்க அடக்கணும்னும் தெரியும். அன்னிக்கே காவல் குழு ஆரம்பிச்சுட்டேன்.

முதல் வாரத்துலயே சிக்கிச்சு. திங்கக்கிழமை பார்க்கறேன், வாசல் பக்கத்து சீட்டுல 'எல்' மாதிரி ஒரு கிழிசல். உள்ள பஞ்சு தெரியுது. உடனே ரயில்வேக்கு லெட்டர் எழுதினேன். நான் லெட்டர் எழுதினா எங்க ஆபீஸ்லயே நாலு பேருக்குக் காய்ச்சல் வரும். நம்ப மாட்டே, மறுநாள் காலையில வண்டி வருது, அந்த சீட்டு பளிச்சுனு இருக்கு! கிழிசலும் இல்ல, ஒட்டும் இல்ல. "பார்த்தியா பல்கீஸ், எழுதற விதத்துல எழுதணும்"னேன். அவளும் அசந்துட்டா.

வியாழக்கிழமை மறுபடியும் கிழிஞ்சிருக்கு.

அதே இடம். அதே 'எல்'. ஜாண் வெச்சு அளந்தேன்மா, ஒரு ஜாண் நாலு விரக்கடை, திங்கக்கிழமை அளந்த அதே அளவு. இன்னொரு லெட்டர். வெள்ளிக்கிழமை சரியாயிடுச்சு. அடுத்த புதன் மறுபடியும் கிழிசல். எனக்குத் தலை சுத்திடுச்சு. இவன் சாதாரணத் திருடன் இல்ல, ஏதோ மனநோய் புடிச்சவன், ஸ்கேல் வெச்சு அளந்து கிழிக்கறான்னு குழுவுக்குச் சொன்னேன். தெரசாதான் மெதுவா, "அக்கா, தைச்ச இடத்துல நூலாவது தெரியணுமே"ன்னா. "ரயில்வே தையக்காரன்னா சும்மாவா"ன்னேன். ஆவணி முடியறதுக்குள்ள ஒன்பது லெட்டர் எழுதிட்டேன். ஒன்பதுக்கும் பலன் இருந்துச்சு. பதில்தான் வரல.

அந்த சமயத்துல எங்க பெட்டியில தேன்மொழின்னு ஒரு பொண்ணு புதுசா ஏற ஆரம்பிச்சா. கம்ப்யூட்டர் கோர்ஸ் போறேன்னா. ஒல்லியா இருப்பா, அதிகம் பேச மாட்டா, ஆனா நாம பேசறதை வாயைப் பார்த்துக்கிட்டு அழகாக் கேப்பா. அப்படிக் கேக்கறவங்களை எனக்குப் புடிக்கும். ஒரு வாரம் எலுமிச்சை சாதம் குடுத்தேன், ஒட்டிக்கிட்டா. காவல் குழுவுல அவளையும் சேர்த்தேன். எங்க குழு எப்படி வேலை செய்யுது, யாரு எந்த வாசலைப் பார்க்கறது, எல்லாம் ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்தேன்.

புரட்டாசி பொறந்துது. எனக்கு ஒரு யோசனை. சேதம் குறைஞ்சா பர்மிஷன்னு சொன்னா இல்ல, நாம குறைக்கறது என்ன, பெட்டியையே புதுசு மாதிரி ஆக்கிக் காட்டிடணும்னு. மேல தொங்குதே கைப்பிடி, அதைத் தொட்டுப் பார்த்திருக்கியா? எத்தனை கை வேர்வை, எத்தனை தலை எண்ணெய். ஆயுத பூஜைன்னா என்ன? புழங்கற சாமானைக் கழுவிப் பொட்டு வெக்கறதுதானே? அதனால வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு கைப்பிடி கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது, சனி ஞாயிறுல கழுவறது, திங்கக்கிழமை மாட்டிடறதுன்னு திட்டம் போட்டேன். தெரசா வீட்டுக்காரர் மிக்சி ரிப்பேர் பண்றவரு. அவ அவரோட ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டு வந்து, ரெண்டு ஸ்டேஷனுக்குள்ள பதினாலையும் கழட்டிட்டா. என்ன கைவாகுங்கறே! தேனுதான் ஸ்க்ரூவை எல்லாம் ஒரு டப்பாவுல பத்திரமா வாங்கிப் போட்டுக்கிட்டா. அன்னிக்கு எங்கள்ல ஒருத்தி லீவு, அவ பங்கு கைப்பிடியைத் தேனுகிட்ட குடுத்து அனுப்பினேன்.

என் பங்கு கைப்பிடியை சுடுதண்ணியில ஊற வெச்சு, பாத்திரம் தேய்க்கற பவுடர் போட்டுத் தேய்ச்சு, பால்கனியில காயப் போட்டேன். உண்மையான நெறம் என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஊதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், பச்சை!

திங்கக்கிழமை காலையில பதினாலு பேரும் பையோட ஏறுறோம். ஏறிப் பார்த்தா, எங்க கழட்டினோமோ அங்க எல்லாம் கைப்பிடி தொங்குது. ஒண்ணு குறையல. பல்கீஸ் அப்படியே சீட்டுல உக்காந்துட்டா. "அக்கா, ரெண்டு நாள்ல புதுசு மாட்டிட்டாங்க!"ன்னா. நானும் ரயில்வேயோட வேகத்தைப் பார்த்து அசந்து போயிட்டேன். ஆனா தொட்டுப் பார்த்தா புதுசும் பிசுபிசுன்னுதான் இருக்கு. கழுவாம மாட்டியிருக்காங்க! கழுவினதைக் கையில வெச்சுக்கிட்டு அழுக்கைத் தொங்க விடறதா? தெரசா அந்தப் பதினாலையும் கழட்டினா, நாங்க கழுவினதை மாட்டினோம், அழுக்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனோம். பெட்டி ஜொலிச்சுது போ. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொட்டு வெச்சேன்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை. ஏறினா, பதினாலு இடமும் மொட்டையா நிக்குது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. நேத்து மாட்டினது, என் கையால பொட்டு வெச்சது, ஒரே ராத்திரியில அத்தனையும் களவு! அழுகையே வந்துடுச்சு. பல்கீஸ் அந்தத் திருடனோட ஏழு தலைமுறையையும் திட்டினா, அடுத்த பெட்டியில இருந்து ஆம்பளைங்க எட்டிப் பார்த்தாங்க. தேனு மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கக் குலுங்க உக்காந்திருந்தா. பாவம், அவளுக்கும் அழுகைன்னு முதுகைத் தடவிக் குடுத்தேன். அன்னிக்கு சாயங்காலமே ஸ்டேஷன்ல எழுத்து மூலமா புகார் குடுத்தேன். நாலு பக்கம். 'பதினான்கு கைப்பிடிகளைக் களவாடிய கயவர்கள் எவராயினும், எவ்விதச் செல்வாக்கு உடையவராயினும், கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்'னு முடிச்சிருந்தேன்.

ரெண்டு நாள்ல கூப்பிட்டு அனுப்பினாங்க. பாராட்டத்தான் கூப்பிடறாங்கன்னு நல்ல புடவை கட்டிக்கிட்டுப் போனேன், துணைக்குப் பல்கீஸ். உள்ள போனா இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னால உக்காந்திருக்கா, பக்கத்துல ஒரு போலீஸ்காரப் பொண்ணு விறைப்பா நிக்கறா. யாருன்னு பார்க்கறே? நம்ம தேனு! காக்கிச் சட்டை, இடுப்புல பெல்ட்டு. ஒன்றரை மாசம் என் எலுமிச்சை சாதம் சாப்பிட்ட பொண்ணு!

"கம்ப்யூட்டர் கோர்ஸ்னு சொன்னியே?"ன்னேன்.

"மன்னிச்சுக்கங்கம்மா, டியூட்டி"ன்னு அசடு வழிஞ்சா.

இன்ஸ்பெக்டர் என் புகாரைக் கையில எடுத்தா. "காணாமப் போன கைப்பிடி எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சுட்டோம்மா."

"அப்படிப் போடுங்க! எங்க இருக்கு?"

"ஒண்ணு உங்க வீட்டு பால்கனியில."

அப்புறம் அவ பொறுமையா ஒண்ணு சொன்னா பாரு. ஏழு அம்பத்திரெண்டுங்கறது ஒரே வண்டி இல்லையாம். அது நேரம் மட்டும்தானாம். அந்த நேரத்துக்கு மாத்தி மாத்தி ஆறு வண்டி வருதாம். ரேக்குன்னு சொன்னா, எல்லாப் பெட்டியும் கோர்த்த முழு வண்டிக்கு அதான் பேராம். நாங்க வெள்ளிக்கிழமை கழட்டினது ஒரு ரேக்குல. திங்கக்கிழமை மாட்டினது வேற ரேக்குல. செவ்வாய்க்கிழமை மொட்டையா வந்தது வெள்ளிக்கிழமை ரேக்கு. "நீங்க கழட்டினதைத்தான் நீங்க காணோம்னு புகார் குடுத்திருக்கீங்க"ன்னா.

நான் லேசுல விடுவேனா? "நீங்க வந்து மூணு மாசம். நான் இருபத்திரெண்டு வருஷமா அந்த வண்டியில போறேன். என் வண்டி எனக்குத் தெரியாதா?"ன்னேன். அவ எழுந்து என்னைப் பிளாட்பாரத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. ஒவ்வொரு வண்டியா வர வர, பக்கவாட்டுல பெயின்ட் பண்ணியிருக்கற நம்பரைக் காட்டினா. எல்லாம் வேற வேற. அந்த நம்பரை நானும் இருபத்திரெண்டு வருஷமாப் பார்த்திருக்கேன்மா. அதைப் போயி யாரு படிச்சா? அது அவங்க கணக்குக்கு எழுதறதுன்னு நினைச்சேன்.

"அப்ப அந்த 'எல்' கிழிசல்?"ன்னேன்.

"ஒரே கிழிசல்தாம்மா. அந்த ரேக்கு வர்ற அன்னிக்கு மட்டும் உங்க கண்ணுல படும்."

"சரி, அப்படியே இருக்கட்டும். என் லெட்டரைப் பார்த்துட்டு மறுநாளே தைச்சது யாரு?"

அவ தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு ரூமைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சுட்டா. அந்த நல்ல பேரை எனக்குக் குடுக்க மனசு வரலை, அவ்வளவுதான்.

திரும்ப ரூமுக்கு வந்தோம். பல்கீஸ் மூஞ்சி செத்துப் போச்சு. ரயில்வே சாமானைக் கழட்டினா கேசு. எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு, கேசுன்னா பென்ஷன் என்ன ஆகும்? அதைவிட, பூஜை? அதுதான் எனக்கு முதல் கவலை. ஆனா இன்ஸ்பெக்டர் சிரிச்சுட்டா. "கைப்பிடியை விடுங்க. எந்த ரேக்கோ அதுல மாட்டிடுங்க, நான் எழுதிக்கறேன். உண்மையான சாமான் திருடனை மூணாம் நம்பர் பிளாட்பாரத்துல போன வாரமே புடிச்சாச்சு. எனக்கு வேண்டியவன் வேற ஒருத்தன். அவனுக்காகத்தான் தேன்மொழியை உங்க பெட்டியில போட்டேன். அவனைப் புடிச்சுக் குடுங்க, பூஜைக்கு நானே முன்னால நின்னு கையெழுத்து வாங்கித் தர்றேன்"னு சொல்லி போன்ல போட்டோ காட்டினா. ஆறு போட்டோ. ஆறு ரேக்கு. எல்லாத்துலயும் லேடீஸ் பெட்டி, மூணாவது ஜன்னல், கீழ சுவத்துல ஆழமாக் கீறின ஒரே பேரு.

லோகா.

"ஆறு வருஷமா இருக்கு. பெயின்ட் அடிச்சாலும் உள்ள தெரியுது. எவனோ ஒருதலைக் காதல் கேசு, லேடீஸ் பெட்டியில ஏறி இறங்கறான்னா நாளைக்கு என்ன வேணா பண்ணுவான்"னா.

பல்கீஸ் இருமினா. நான் அவளைப் பார்க்கல. அவ ஃபேனைப் பார்த்தா.

லோகா யாருன்னு உனக்குச் சொல்றேன். லோகநாயகி. கோர்ட்டுல டைப்பிஸ்ட். இந்தப் பெட்டியில பூஜையை ஆரம்பிச்சதே அவதான். முதல் வருஷம் ஒரே ஒரு எலுமிச்சம்பழம், ஒரு ஊதுவத்தி, நாங்க மூணு பேரு. அவ சிரிச்சா எஞ்சின்ல இருக்கற டிரைவருக்குக் கேக்கும். மூணாவது ஜன்னல் அவ இடம். எனக்கு வீட்டுக்காரர் தவறின வருஷம், நான் ஒரு மாசம் யாரோடயும் பேசல. தினம் அவ பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, ஒண்ணும் பேசாம, என் தலையில பூ வெச்சு விடுவா. நாலாவது வாரம், ‘பேச மாட்டியாக்கும், பூக்காசையாவது குடு’ன்னா. நான் சிரிச்சுட்டேன். ஆறு வருஷம் முன்னாடி மார்கழியில, மஞ்சக்காமாலை. பத்தே நாள். போயிட்டா. மறு வாரம் அந்த இடத்துல எவளோ ஒருத்தி ஏறி உக்காந்துக்கிட்டு முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தா. அவளுக்குத் தெரியாது, பாவம். ஆனா எனக்குத் தாங்கல. யாரு இடம்னு தெரிஞ்சாவது உக்காரட்டும்னு, ஊக்கை எடுத்துப் பேரை எழுதினேன்.

மறுநாள் பார்க்கறேன், காணோம். ரயில்வேக்காரன் ராத்திரியோட ராத்திரியா பெயின்ட் அடிச்சுட்டான்னு நினைச்சேன். எனக்கு வந்துதே ஒரு வீம்பு! மறுபடியும் எழுதினேன். அடுத்த நாளும் காணோம். மறுபடியும். ஆறு தடவை எழுதினேன்மா, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட ஆழமா. ஆறாவது தடவைக்கு அப்புறம் அழியவே இல்ல, தினம் இருந்துச்சு. ரயில்வேயே தோத்துப் போச்சுன்னு அன்னிக்குப் பெட்டி முழுக்க மிட்டாய் குடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் ரூம்ல நான் வாயைத் திறக்காம இருந்திருக்கலாம். பல்கீஸ் சொல்லியிருக்க மாட்டா. இல்லாத காதலனைத் தேடிக்கிட்டு அவங்க போயிருப்பாங்க. ஆனா அந்த வான்மதி போட்டோவைப் பார்த்துக்கிட்டே, "இந்த லோகா எவளோ, இவனை நல்லா ஏமாத்திட்டுப் போயிருக்கா"ன்னா. அவ்வளவுதான். எனக்கு எங்கேருந்துதான் வந்துதோ, எழுந்து மேஜையைத் தட்டினேன்.

"லோகா யாரையும் ஏமாத்தல! அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. எழுதினது நான்தான்!"

மூக்குல இருந்து கண்ணுல இருந்து எல்லாம் கொட்டுது எனக்கு. நல்ல புடவை வேற. எல்லாத்தையும் சொன்னேன், முறுக்கு வரைக்கும். சொல்லி முடிச்சதும் தேனு எனக்குத் தண்ணி குடுத்தா. இன்ஸ்பெக்டர் அந்த ஆறு போட்டோவையும் மறுபடி ஒரு தடவை தள்ளிப் பார்த்தா. அப்புறம், "பூஜை வேணுமாம்மா?"ன்னா.

"வேணும்."

"அப்ப ஆறு ரேக்குலயும் நீங்களே தேய்ச்சு அழிக்கணும். உப்புத்தாளும் பெயின்ட்டும் நான் தர்றேன். இனிமே எழுத மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும்."

எழுதிக் குடுத்தேன். வாசகம் நானே போட்டேன், சூப்பரின்டெண்டென்ட் இல்லையா. 'மேற்படி ஆறு ரேக்குகளிலும் இனி எப்பெயரையும் எழுத மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.' அவ படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்து வாங்கிக்கிட்டா.

அடுத்த ரெண்டு வாரம் எங்க பாட்டை நீ பார்த்திருக்கணும். பதினாலு பேரும் பிளாட்பாரத்துல பையில கைப்பிடியோட நிக்கறோம், மொட்டை ரேக்கு எப்ப வரும்னு. கல்யாண மாப்பிள்ளையை எதிர்பார்க்கற மாதிரி ஒவ்வொரு வண்டியா எட்டிப் பார்க்கறோம். எங்க ஏழு அம்பத்திரெண்டை விட்டுட்டு நிக்கறது எனக்கு அதுதான் முதல் தடவை. மொட்டை ரேக்கு கடைசியில ஒரு நாள் ஒன்பதே காலுக்கு வந்துது. பதினாலு ஆபீஸ்லயும் அன்னிக்கு லேட் மார்க். மாட்டி முடிச்சுட்டுக் கை தட்டினோம் பாரு, ஸ்டேஷனே திரும்பிப் பார்த்துது.

பேரை அழிக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு. ரேக்கு வர வர, தினம் ஒண்ணு, தேய்ப்பேன். தேனு பக்கத்துல நின்னு காவல். அஞ்சு வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தேய்ச்சுட்டேன். ஆறாவதுல 'லோ' போயிடுச்சு, 'கா' மட்டும் நிக்குது. கை வரலை. அவளை ரெண்டாம் தடவை அனுப்பி வைக்கற மாதிரி இருந்துச்சு. தேனு என் கையில இருந்த தாளை வாங்கித் தேய்ச்சா. நான் வெளிய பார்த்துக்கிட்டு வந்தேன்.

பூஜை நடந்துச்சு! ஆணி ஒண்ணு கூட அடிக்கல, எல்லாம் கயித்துல கட்டினது. வண்டி வந்து நிக்குது, எந்த ரேக்குன்னு யாருக்குத் தெரியும், மூணாவது ஜன்னல்ல பச்சைப் பெயின்ட் பளபளன்னு. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்ல. வாழைக்கன்னு கட்டறதுல மும்முரமா இருந்தேன். நிமிர்ந்து பார்த்தா, நிக்க இடம் இல்லாத கூட்டம், அந்த ஒரு இடம் மட்டும் காலி. யாரும் சொல்லல, யாரும் கைக்குட்டை போடல. பதினாலு பேரும் நின்னுக்கிட்டு வர்றாளுங்க. இன்ஸ்பெக்டர் தேங்கா உடைக்க ஏறினா, காலி இடத்தைப் பார்த்ததும் போயி பொத்துனு உக்காந்தா. "மேடம்!"னு பெட்டியே கத்திச்சு. சுட்டுக்கிட்ட மாதிரி எழுந்தா பாரு. அப்புறம் அவளே ஒரு முழம் பூவை எடுத்து அங்க வெச்சா. எனக்கு அவ மேல இருந்த கோவமெல்லாம் அன்னிக்குப் போச்சு.

இதெல்லாம் உனக்கு எதுக்குச் சொல்றேங்கறியா? இப்பல்லாம் நான் ஏறுறதுக்கு முன்னாடி நம்பர் பார்க்கறேன். ஆறும் எனக்கு மனப்பாடம். இன்னிக்கு வந்து நின்னுது பாரு இந்த வண்டி, இது அந்த ஆறுல இல்ல. புத்தம் புது ரேக்கு, இன்னிக்குத்தான் முதல் நாள் ஓட்டம்னு தேனு முன்னாடியே சொல்லியிருந்தா. ஏழாவது. நான் எழுதிக் குடுத்தது ஆறு ரேக்குக்குத்தான். குடுத்த வாக்கை நான் மீறுறவ இல்ல.

கேமராவா? இருக்கு, ஆனா அது வாசலை மட்டும்தான் பார்க்குமாம். அதுவும் தேனு சொன்னதுதான்.

இதுல சுவரு இரும்பா இருக்கறதால ஊக்கு இறங்காது, அதான் காம்பஸ் வாங்கிட்டு வந்திருக்கேன். நீ மூணாவது ஜன்னல்ல உக்காந்திருக்கே பாரு, அதுவும் நல்லதாப் போச்சு. கிண்டி தாண்டிட்டா கூட்டம் குறைஞ்சு மறைவு போயிடும், இப்பவே வேலையை முடிச்சுடணும். அந்தத் துப்பட்டாவைக் கொஞ்சம் விரிச்சு இந்தப் பக்கமா மறைச்சுப் புடிம்மா. பயப்படாத, ரொம்ப நேரம் ஆகாது. ரெண்டே எழுத்துதான்.